மூத்தோன் ரோத்ஷில்ட்: சேகரிப்பவர்கள் தேடுவது வைனையா, லேபிளையா?

கிழக்குக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு போத்தல் வாங்குவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

என் அக்கா பிறந்தது 1973. எனக்கு முன்பே பாரிசுக்கு வந்து, என்னையும் கூப்பிட்டுப் படிக்க வைத்தவர். படம் வரைவார். வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் அரை மணி நேரமாவது தூரிகையைத் தொடாமல் படுக்க மாட்டார். அவருடைய பிறந்தநாளுக்கு 1973ஆம் ஆண்டு ஷத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் (பிரான்சின் போர்தோ பகுதித் தோட்டம் ஒன்றின் வைன்) ஒரு போத்தல் வாங்கிக் கொடுக்க ஆசை. அந்த வருட லேபிளில் பிக்காசோவின் ஓவியம் இருக்கிறது.

பழைய வைன் விற்கும் கடையில் விசாரித்தேன். சில நூறு யூரோ விலை. கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குடிக்கவா, வைத்திருக்கவா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குடிக்க என்றால் வேறு வருடம் பார் என்றார். அந்த வருடத்து வைன் அத்தனை சுமார் என்றால் ஏன் இவ்வளவு பேர் அதைத் தேடுகிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதாள_அறை

தம்பி, நல்ல கேள்வி. லண்டனில் வைன் கிடங்கில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

1855இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சி. போர்தோ வைன்களைத் தரவரிசைப்படுத்திக் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். போர்தோ தரகர்கள் சந்தையில் எது எந்த விலைக்குப் போகிறது என்று பார்த்துப் பட்டியல் போட்டார்கள். முதல் வகுப்பில் நான்கு: லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். மூத்தோன் இரண்டாம் வகுப்பில் முதலாவது. இரண்டு வருடம் முன்னால், 1853இல்தான், ரோத்ஷில்ட் குடும்பத்தின் ஆங்கிலக் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் அந்தத் தோட்டத்தை வாங்கியிருந்தார். பக்கத்துத் தோட்டமான லஃபித்தை 1868இல் அதே குடும்பத்தின் பிரெஞ்சுக் கிளை வாங்கியது. பங்காளி வீடு முதல் வகுப்பு, நம் வீடு இரண்டாம் வகுப்பு என்றால் எப்படி இருக்கும்? நமக்குச் சொல்லியா தர வேண்டும்.

இந்தப் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் நம் காதில் 'மூத்தோன்' என்றே விழும். மூத்தோன் என்ற பெயரோடு 118 வருடம் இளையவன் இடத்தில் உட்கார்ந்திருந்தது அந்தத் தோட்டம்.

1922இல் பிலிப் த ரோத்ஷில்ட் பொறுப்பேற்றார். வயது இருபது. அப்போதெல்லாம் வைனைப் பீப்பாயோடு வணிகர்களுக்கு விற்றுவிடுவார்கள். பாட்டிலில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் வணிகர் வேலை. நடுவில் என்ன கலந்தார்கள் என்று தோட்டத்துக்காரருக்கே தெரியாது. 1924இல் பிலிப் அதை நிறுத்தினார். என் வைன் முழுவதும் என் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைபடும் என்றார். அதற்கு இடம் வேண்டும் என்பதால் 1926இல் நூறு மீட்டர் நீளப் பீப்பாய்க் கூடம் கட்டினார். இன்று போர்தோவின் பெரிய தோட்டங்கள் எல்லாம் செய்வதுதான், அன்று அது பெரிய துணிச்சல்.

தரவரிசையை மாற்றச் சொல்லி அவர் விடாமல் போராடினார். தோட்டத்தின் பழைய வாசகம் இப்படிப் போகும்: முதலாவதாக இருக்க முடியாது, இரண்டாவதாக இருக்கச் சம்மதமில்லை, நான் மூத்தோன். 1973இல் விவசாய அமைச்சராக இருந்த ஜாக் சிராக் ஆணையில் கையெழுத்திட, மூத்தோன் முதல் வகுப்புக்கு ஏறியது. 1855 பட்டியலில் ஒரு தோட்டத்தின் வகுப்பு உயர்ந்தது அந்த ஒரு முறைதான். அதன் பிறகு வாசகமும் மாறியது: முதலாவது நான், இரண்டாவதாக இருந்தேன், மூத்தோன் மாறுவதில்லை.

ஆக, நீங்கள் கேட்கும் 1973 அந்தத் தோட்டம் பட்டாபிஷேகம் செய்துகொண்ட வருடம். அதனால்தான் தேடுகிறார்கள். வைன் எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

மையும்_தாளும்

அண்ணா சொன்னதோடு லேபிள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். அச்சகத்தில் வளர்ந்தவள், எனக்கு இதில் தாள்தான் முதல்.

1924இல் முதன்முதலாகத் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தபோது, ழான் கார்லு என்ற சுவரொட்டிக் கலைஞரிடம் லேபிள் வரையச் சொன்னார் பிலிப். அன்றைய வணிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த முயற்சி அப்படியே நின்றது. இருபது வருடம் கழித்து, 1945இல், போர் முடிந்தது. அந்த வருட லேபிளில் வெற்றியைக் குறிக்கும் பெரிய 'வி' எழுத்து, சுற்றிலும் இலைமாலை, 'வெற்றி ஆண்டு' என்று வாசகம். வரைந்தவர் பிலிப் ஜூலியான் என்ற இளைஞர். இதைக் கொண்டாட்டம் என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. பிலிப் த ரோத்ஷில்டின் மனைவி எலிசபெத் அதே 1945இல் ராவன்ஸ்ப்ரூக் நாஜி வதைமுகாமில் இறந்தவர். அந்த 'வி'யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அதிலிருந்து, சில வருடங்கள் தவிர, ஒவ்வொரு வருடமும் ஒரு கலைஞர். 1947 கொக்தோ, 1955 ப்ராக், 1958 தாலி, 1964 ஹென்றி மூர், 1969 மிரோ, 1970 ஷகால், 1975 வார்ஹோல், 1988 கீத் ஹாரிங், 1990 பிரான்சிஸ் பேக்கன். 1996இல் சீனக் கலைஞர் கு கான். 2004இல் இன்று பிரிட்டனின் மன்னராக இருக்கும் சார்லஸின் நீர்வண்ண ஓவியம். 2009 மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். கலைஞர்களுக்குப் பணம் கிடையாது, கூலி வைன் பெட்டிகள்தான்.

1973 பற்றி ஒன்று. பிக்காசோ அந்த லேபிளுக்கென்று எதையும் வரையவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். தோட்டத்து அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய ஓவியத்தை அஞ்சலியாக அச்சிட்டார்கள். ஆடுகிற உருவங்கள், கொண்டாட்டக் காட்சி. பதவி உயர்வும் ஒரு சாவும் ஒரே தாளில் இருக்கின்றன. படம் வரையும் அக்காவுக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. யோசிக்காமல் வாங்குங்கள்.

கபர்னே

கொஞ்சம் பொறுங்கள். எல்லோரும் தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்தத் தோட்டங்கள் இருக்கும் மெதொக் பக்கம் மூன்று அறுவடைக்குப் போனவன். அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள்.

போயாக் ஊரில் ஜிரோந்து கழிமுகத்தை ஒட்டிய மேட்டு நிலம் அது. மேலே மண் என்று சொல்ல முடியாது, எல்லாம் கூழாங்கல். கோழிமுட்டை அளவில், விரல்நுனி அளவில், வெள்ளையும் பழுப்புமாக. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். வேர் தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போயே ஆக வேண்டும். பகலில் சூடேறிய கல் சாயங்காலமும் கைக்குச் சுடும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் திராட்சைக்கு இந்தச் சூடு தேவை. மூத்தோன் தோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்தத் திராட்சைதான். கறுப்புப் பழ வாசனை, பென்சில் சீவும்போது வரும் வாசனை, வறுத்த காப்பி வாசனை மூன்றும் சேர்ந்து வரும். லஃபித் அடக்கமாகப் பேசும், லத்தூர் இறுக்கமாக நிற்கும், மூத்தோன் வாசலுக்கே வந்து கூப்பிடும்.

நல்ல வருடங்கள் 1945, 1959, 1982, 1986. நான்குக்கும் அமெரிக்க வைன் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு நூறு போட்டார். 1986ஐ ஒரே ஒரு முறை, ஒரு விரல் அளவு குடித்தேன். முப்பது வயதைத் தாண்டிய வைன், நிறம் இன்னும் கறுத்தே இருந்தது. வாயில் வைத்து விழுங்கி, பேசத் தொடங்கி, ஒரு வாக்கியம் முடித்த பிறகும் சுவை நாக்கில் இருந்தது. அதுதான் மூத்தோன்.

1973இல் திராட்சை ஏராளமாக விளைந்தது, மழையும் சேர்ந்தது, வைன் நீர்த்துப்போனது. போதாக்குறைக்கு எண்ணெய் நெருக்கடி வந்து போர்தோ சந்தையே படுத்த காலம். குடிப்பதற்காக அதை வாங்காதீர்கள். அதே பணத்துக்கு வேறு தோட்டத்தின் நல்ல வருடம் கிடைக்கும்.

மையும்_தாளும்

அவர் குடிப்பதற்கு வாங்குவதாகச் சொல்லவே இல்லையே.

கபர்னே

வைன் என்றால் குடிக்கத்தான் அக்கா. குடிக்காமல் வைத்திருக்க ஓவியம் வாங்கலாமே.

புதிய_மாணவன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம். லேபிள்தான் சேகரிப்பவர்களை இழுக்கிறது என்றால், நல்ல வைன் உள்ள வருடமும் மோசமான வருடமும் ஒரே மாதிரி விலைபோக வேண்டும் அல்லவா?

பாதாள_அறை

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மூத்தோனின் மொத்த சூட்சுமமும் இதில் இருக்கிறது.

1946, 1951, 1956 மூன்றும் சுமாரான வருடங்கள். அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் அவற்றைப் பொத்தி வைக்கவில்லை. வாரநாளில் சாப்பாட்டோடு குடித்துத் தீர்த்தார்கள். 1945, 1959 போன்றவற்றைத்தான் பத்திரமாக இருட்டில் வைத்தார்கள். விளைவு என்ன? இன்று 1945 முதல் ஒரு வருடம் விடாமல் முழு வரிசை சேர்க்க நினைப்பவருக்கு, பணம் இருந்தால் 1959 கிடைத்துவிடும். 1956 அப்படி லேசில் கண்ணில் படாது. அது ஏலத்துக்கு வரும்போது அந்த ஒன்று மட்டும் குறைகிற நாலைந்து பேர் அறையில் இருப்பார்கள். வைனின் தரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விலைக்குப் போகும்.

கிடங்கில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவருடைய அடுக்கில் ஒரே ஒரு குழி காலியாக இருக்கும். மற்ற எல்லா வருடமும் வரிசையாக இருக்கும். வரும்போதெல்லாம் அவர் கண் நேராக அந்தக் காலிக் குழிக்குத்தான் போகும். நான் பல முறை கவனித்திருக்கிறேன். லஃபித்தோ லத்தூரோ சேர்ப்பவர்களிடம் இதை நான் பார்த்ததில்லை. அவர்கள் நல்ல வருடமாகப் பொறுக்கி வாங்குவார்கள், மோசமானதை விட்டுவிடுவார்கள். மூத்தோன்காரர்களால் எதையும் விட முடியாது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு முகம் கொடுத்ததால் வந்த வினை அது. பிலிப் இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா என்றால், அவருக்கு நாடகமும் கவிதையும் ரத்தத்தில் ஊறியவை, அந்த வழியில் வந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

இன்னொன்று. 1993இல் பால்துஸ் வரைந்த பென்சில் ஓவியம், ஆடையில்லாத சிறுமி. அமெரிக்காவில் எதிர்ப்பு வந்தது. அங்கே அனுப்பிய பாட்டில்களில் ஓவியம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்கள். இப்போது முழு வரிசை சேர்ப்பவருக்கு அந்த ஒரு வருடத்துக்கே இரண்டு பாட்டில் வேண்டும்.

முதலீட்டுக்காரர்

ஓவியம், மண் எல்லாம் சரி. நான் 2000ஆம் ஆண்டைச் சொல்வேன். லேபிளே கிடையாது. கறுத்த கண்ணாடியில் பொன்னிறத்தில் செம்மறி ஆட்டுக்கடா. அதே தோட்டத்து அருங்காட்சியகத்தில் இருக்கும் கிண்ணத்தின் உருவம் அது, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரப் பொற்கொல்லர் செய்தது. பார்க்கரிடம் அந்த வருடம் நூறு வாங்கவில்லை. ஆனாலும் வாங்கியவர்களுக்கு நல்ல லாபம். 2008க்குச் சீனக் கலைஞர் சூ லெய் என்று அறிவித்த கையோடு விலை ஏறியது. எனவே லேபிள்தான் விலையை நிர்ணயிக்கிறது. 1973 வாங்குவதானால் மரப்பெட்டியோடு கிடைக்கிறதா என்று பாருங்கள், பின்னால் விற்க உதவும்.

பாதாள_அறை

லேபிள் மட்டும் என்று சொல்லிவிட முடியாது ஐயா. 2007 பிப்ரவரியில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் 1945 மூத்தோன் பெரிய பாட்டில் ஒன்று 3,10,700 டாலருக்குப் போனது. அந்த விலைக்கு 'வி' எழுத்து ஒரு காரணம், மே மாத உறைபனிக்குத் தப்பிய கொஞ்சம் திராட்சையில் பிறந்த வைன் இன்னொரு காரணம், அது பிலிப்பின் மகள் பிலிப்பீனின் சொந்த நிலவறையிலிருந்து வந்தது என்பது மூன்றாவது காரணம். அந்த மூன்றாவதைக் குறைத்து எண்ணாதீர்கள். எங்கே இருந்தது, யார் கைமாறியது என்ற சரித்திரம் இல்லாத பழைய மூத்தோனை நான் தொட மாட்டேன்.

போலி வைன் விற்ற ரூடி குர்னியவான் வழக்கு நினைவிருக்கும். 2012 மார்ச்சில் கலிபோர்னியாவில் அவரைக் கைது செய்தபோது வீட்டில் அச்சடித்த லேபிள்கள், பழைய பாட்டில்கள், கார்க்குகள் எல்லாம் கிடைத்தன. 2014இல் பத்து வருடச் சிறை. சமையலறையில் கலந்த வைனைக் கோடீஸ்வரர்கள் பல வருடம் மெய்மறந்து குடித்திருக்கிறார்கள். லேபிளுக்கு மட்டும் பணம் கொடுத்தால் லேபிள் மட்டும்தான் கிடைக்கும்.

தம்பிக்கு ஆறுதலான செய்தி, 1973 போலிக்காரர்கள் மெனக்கெடும் அளவுக்கு விலை உயர்ந்தது அல்ல.

மையும்_தாளும்

சேமிப்பு பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. 1988, கீத் ஹாரிங் வருடம், ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். படத்தில் பார்த்தபோது லேபிள் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததைப் பிரித்தால் கீழ்ப்பாதியில் பூஞ்சை, ஓரம் சுருண்டு கையோடு வருகிறது. படம் எடுத்த பிறகு ஈரமான அறையில் கிடந்திருக்கிறது. ஒரு வாரம் மனசே சரியில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் கார்க் காய்ந்து சுருங்கும், வைன் கெடும். ஈரம் கூடினால் தாள் அழுகும். வைனுக்கு நல்லது லேபிளுக்கு ஆகாது. அதனால் மூத்தோன் சேர்ப்பவர்கள் பாட்டிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைப்பார்கள். ஒரே ஒரு சுற்று, இறுக்காமல். பசை நாடா எதுவும் லேபிளில் படவே கூடாது.

கிழக்குக்கரை

எல்லோருக்கும் நன்றி. இத்தனை விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கடையில் இரண்டு போத்தல் இருக்கின்றன. ஒன்றில் லேபிள் புத்தம்புதிது போல, வைன் மட்டம் கழுத்துக்குக் கீழே தோள் நடுவில். மற்றதில் மட்டம் கழுத்திலேயே இருக்கிறது, லேபிளின் மேல்மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை, பிக்காசோவின் உருவங்களைத் தொடவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. எதை எடுக்க?

கபர்னே

கறை உள்ளதை எடுங்கள். தோள் நடுவரை இறங்கியிருந்தால் கார்க் வழியாகக் காற்று போயிருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருப்பது பெரும்பாலும் புளித்திருக்கும். கழுத்தில் நின்றால் இன்னும் உயிர் இருக்கலாம்.

மையும்_தாளும்

நானும் அதையேதான் சொல்வேன். கறைக்கு நான் பயப்பட மாட்டேன்.

கபர்னே

அக்கா, நாம் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

திறப்பதாக இருந்தால்: இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கும். திருகும் கருவி வேண்டாம், கார்க் தூளாகிவிடும். இரண்டு மெல்லிய தகடு உள்ள கருவி கிடைக்கும். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாற்றி மாற்றி இறக்கி, சுழற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். வேறு குடுவைக்கு மாற்றி மணிக்கணக்கில் காற்றாட விடாதீர்கள். இந்த வயதுக்கு அது தாங்காது. ஊற்றியதும் குடியுங்கள்.

கிழக்குக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கறை உள்ளதைத்தான் எடுத்தேன்.

அக்காவிடம் கொடுத்தபோது அவர் வைன் என்றே பார்க்கவில்லை. விளக்குக்குக் கீழே கொண்டுபோய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஆடும் உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் கறையைப் பார்த்து, "இது யாருடைய வீட்டிலோ எப்பவோ பட்டது" என்றார். வைத்திருப்போமா, திறப்போமா என்று கேட்டேன். "அம்பது வருஷம் மூடியே இருந்தது போதும்" என்று சொல்லிவிட்டார்.

தகடு இறங்கும்போதே கார்க் பாதியில் முறிந்தது. மிச்சத்தை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. நிறம் செங்கல் போல, ஓரத்தில் தேநீர் மாதிரி. முதலில் ஈர இலை வாசனை, பிறகு கொஞ்சம் உலர்ந்த பழம், கடைசியில் பென்சில் சீவிய வாசனை. கபர்னே எழுதியிருந்ததால்தான் எனக்கு அது பிடிபட்டது. மெல்லிய வைன்தான், இனிப்பும் இல்லை, பலமும் இல்லை. ஆனாலும் கெட்டிருக்கவில்லை. இருபது நிமிடம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு கோப்பையில் இருந்ததில் வாசனை எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த நாள் போனபோது வெற்றுப் போத்தல் அக்காவின் மேசையில், ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்தில் வரைதாள். போத்தலைத்தான் வரைந்துகொண்டிருந்தார். கறையையும் சேர்த்து.